பெஞ்ச் பிரஸ் 80-லயே நிக்குது: செட்டை எப்படி அடுக்குறது?

செக்காலை_26

உடம்பு எடை 74 கிலோ, ரெண்டு வருசப் பயிற்சி. பெஞ்ச்ல (மல்லாந்து படுத்து ராடை நெஞ்சுக்கு மேல தள்ளுறது) ஒத்த ரெப், அதாவது ஒரே ஒரு தடவை தள்ள முடியிற உச்சம், 80 கிலோ. ஆறு மாசமா அதுக்கு மேல ஒரு கிலோ ஏறல. திங்கக்கிழமை மட்டும் செஸ்ட். இப்ப போடுற வரிசை (கிலோ × ரெப்):

40 × 15
50 × 12
60 × 10
70 × 6
75 × 3
80 × 1 (பாதி நாள் தானா ஏறும், பாதி நாள் பின்னாடி நிக்கிறவர் புண்ணியம்)

அதுக்கப்புறம் இன்க்ளைன் (சாய்வு பெஞ்ச்) 4 செட், டம்பெல் ஃப்ளை 4 செட், கடைசியா முடியிற வரைக்கும் தண்டால். செட்டுக்கு நடுவுல ஒரு நிமிசம்தான். பெஞ்ச் ஒண்ணே ஒண்ணு, சாயங்காலம் ஆள் காத்துக்கிட்டு நிப்பாங்க. சின்ன பிளேட் 2.5 கிலோ. உடம்பு பெருசாகணும்னு இல்ல, பலம் ஏறணும். 100 போடணும். எதை மாத்துறது?

கல்தூக்கி

தம்பி, முதல்ல கூட்டிப் பார்ப்போம். 80-ஐத் தொடுறதுக்கு முன்னாடியே 46 ரெப் முடிச்சிடுறீங்க. மொத்தம் 2445 கிலோ. அதுல 64 கிலோவுக்கு மேல, அதாவது உங்க உச்சத்துல எண்பது சதவீதத்தைத் தாண்டிப் போனது ஒன்பதே ஒன்பது ரெப். மத்த 37-ம் கையைக் களைக்க வச்சுதே தவிர, கனத்தைத் தூக்கப் பழக்கல.

இன்னொண்ணு பாருங்க. அந்தக் களைப்போடயே 70-ஐ ஆறு தடவை தூக்குறீங்க. போய்ட் எப்ளி 1985-ல குடுத்த சூத்திரம் ஒண்ணு இருக்கு: ரெப்பை 30-ஆல வகுத்து, ஒண்ணைக் கூட்டி, எடையால பெருக்கினா ஒத்த ரெப் உச்சம் தோராயமா கிடைக்கும். 70 × 1.2 = 84. 75 × 1.1 = 82.5. அப்ப 80 சிக்குறது பலம் இல்லாததால இல்ல. பலம் இருக்கு, போற வழியிலயே செலவாகிடுது. பந்திக்கு முன்னாடி வெள்ளைப் பணியாரத்துல வயித்தை நிரப்பிக்கிட்டா மாதிரி.

வாரம் ரெண்டு நாள் பெஞ்ச். வார்ம்அப்பைச் சுருக்குங்க. கன செட் எல்லாம் ஒரே எடை. ஓய்வு மூணு நிமிசத்துக்குக் குறையக் கூடாது.

60 கிலோ போடுற நாளைக்கு வார்ம்அப்: வெறும் ராடு × 10, 40 × 5, 50 × 3, 55 × 1. அவ்வளவுதான். 70 போடுற நாள்ல கடைசி ரெண்டு படி 55 × 2, 65 × 1-னு மாறும். எடை ஏற ஏற ரெப் குறையணும். வார்ம்அப் முடிஞ்சு மூச்சு வாங்குச்சுன்னா அதுக்குப் பேரு வார்ம்அப் இல்ல.

திங்கள் (80-ஐ அடிப்படையா வச்சு; எடை, ரெப், செட் வரிசை):

1-ம் வாரம்: 60 × 5 × 5
2-ம் வாரம்: 62.5 × 5 × 5
3-ம் வாரம்: 65 × 4 × 5
4-ம் வாரம்: 55 × 5 × 3 (இறக்க வாரம்)
5-ம் வாரம்: 67.5 × 3 × 5
6-ம் வாரம்: 70 × 3 × 4
7-ம் வாரம்: 72.5 × 2 × 4
8-ம் வாரம்: 60 × 3 × 2 மட்டும். வியாழன் விட்டுடுங்க. சனிக்கிழமை உச்சம் பாருங்க.

வியாழன்: நெஞ்சுல ரெண்டு விநாடி முழுசா நிறுத்தி 52.5 × 6 × 4. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 2.5 ஏத்துங்க. இறக்க வாரத்துல ரெண்டே செட்.

ஃப்ளையையும் கடைசித் தண்டாலையும் எடுத்துடுங்க. இன்க்ளைன் 3 × 8 இருக்கட்டும் (இங்க செட் × ரெப்). பார்பெல் ரோ (குனிஞ்சு ராடை வயித்துப் பக்கம் இழுக்குறது) 4 × 8, டிரைசெப்ஸ் (மேல்கையோட பின்பக்கத் தசை) 3 × 10 சேருங்க. முதல் வாரம் 60 ரொம்ப லேசா இருக்கும், கை துறுதுறுன்னு வரும். ஏத்தாதீங்க.

பள்ளத்தூர்_பஸ்கி

கல்தூக்கி அண்ணே, ஒரு சந்தேகம். கை விடுற வரை, அதாவது இனி ஒரு ரெப்பும் வராதுங்கிற வரை, போடாம பலம் எப்படி வரும்? கடைசி ரெண்டு ரெப்புலதான் வேலையே இருக்குன்னு எல்லா மாஸ்டரும் சொல்றாங்களே?

தேவகோட்டை_வாத்தியார்

மாஸ்டர் சொல்றது தப்பில்லை, இடம் மாறிப் போச்சு. லேசான எடையில உடம்பு முதல்ல சின்னத் தசை நார்களைத்தான் இழுக்கும். அது களைச்ச பிறகுதான் பெரிய நார்கள் ஒவ்வொண்ணா வரும். அதனால 40 கிலோவில 20 ரெப் போடுறவருக்குக் கடைசி ரெப்தான் முக்கியம். ஆனா எண்பது சதவீதத்துக்கு மேல போனா பெரிய நார்கள் முதல் ரெப்புலயே வேலைக்கு வந்துடும். கடைசி வரை இழுத்துக் கூப்பிட வேண்டியதில்லை.

கணக்காப் பாருங்க. 65 கிலோவை ஒவ்வொரு செட்டும் கை விடுற வரை போட்டா 8, 5, 4, 3-னு இறங்கும். மொத்தம் 20. அதே 65-ஐ நாலு நாலா அஞ்சு செட் போட்டாலும் 20. முதல் வகையில ஒவ்வொரு செட்டோட கடைசி ரெப்பும் இடுப்பு தூக்கி, முழங்கை விரிஞ்சு, ராடு கோணலா ஏறுது. ரெண்டாவது வகையில இருபதும் ஒரே அச்சு. கனம் தூக்குறது பாதி தசை, பாதி பழக்கம். கோணல் ரெப்பைப் பழகினா கோணலாத்தான் வரும். வியாழக்கிழமைக்குள்ள தோள் தெளியுமாங்கிறது தனிக் கேள்வி.

அந்த 15-12-10 ஏணி எங்கிருந்து வந்ததுன்னும் சொல்லிடறேன். தாமஸ் டிலோர்ம்-னு அமெரிக்க ராணுவ மருத்துவர், 1945-ல, காயம்பட்ட வீரர்களுடைய மூட்டைத் தேத்த எடைப் பயிற்சியை எழுதினார். 1948-ல அதைச் சுருக்கினப்ப வந்த வடிவம்: பத்து ரெப்புக்குத் தாங்குற எடையைக் கண்டுபிடிச்சு, அதுல பாதி, முக்கால், முழுசுன்னு பத்துப் பத்தாப் போடணும். பாதியும் முக்காலும் அவருக்கு வார்ம்அப் மாதிரிதான். 1951-ல ஜினோவியெஃப் அதைத் தலைகீழாக்கி, கனத்தை முதல்ல வச்சு இறங்கு வரிசை ஆக்கினார்; அதுக்கு ஆக்ஸ்ஃபோர்டு முறைன்னு பேரு. நம்ம ஜிம்மில ஏணியோட வடிவம் மட்டும் தங்கிப் போச்சு, கீழ்ப்படி ஒவ்வொண்ணையும் மூச்சு முட்டப் போடுறது நாம சேர்த்துக்கிட்டது.

மூணாம்செட்டு

கல்தூக்கி அண்ணன் அட்டவணையில எனக்கு ஒரு குறை. ஒரே எடை அஞ்சு செட் சரி. ஆனா எல்லா நாளும் ஒரே நாளா? மே மாசம் மத்தியானம் காரைக்குடி வெயில்ல அலைஞ்சுட்டு வந்தவனுக்கு 67.5 எழுபத்தஞ்சு மாதிரி இருக்கும். மார்கழியில அதே 67.5 பஞ்சு.

நான் சொல்றது: வார்ம்அப் முடிஞ்சதும் ஒரே ஒரு கன செட், மூணு ரெப். இன்னும் ரெண்டு ரெப் வரும்ங்கிற இடத்துல நிறுத்தணும். அந்த எடைதான் அன்னைக்கு அளவுகோல். அதுல பன்னெண்டு சதவீதம் குறைச்சு நாலு செட், அஞ்சு அஞ்சு ரெப். உதாரணமா 72.5 × 3 வந்தா, குறைச்சுப் பார்த்தா 63.8, 62.5 போடுங்க. அன்னைக்கு 67.5-தான் வருதுன்னா 60-க்கு இறங்கிடுங்க. உடம்பு என்ன சொல்லுதோ அதைக் கேட்டு நடக்குது. கனத்தையும் வாராவாரம் கை தொடுது, உச்சம் பார்க்குற நாள்ல புதுசாத் தெரியாது.

கல்தூக்கி

முறை நல்ல முறை, மறுக்கல. ஆனா அதுக்கு ஒரு விலை இருக்கு: "இன்னும் ரெண்டு வரும்"னு சரியாச் சொல்லத் தெரியணும். ரெண்டு வருசமா ஒவ்வொரு செட்டையும் கை விடுற வரை போட்டவருக்கு ரெண்டு மிச்சம்னா எப்படி இருக்கும்னே தெரியாது. பத்துப் பேரைக் கேட்டா எட்டுப் பேரு மிச்சமே இல்லாத இடத்துல நின்னுக்கிட்டு ரெண்டு இருக்குன்னு சொல்லுவாங்க. ஃபோனைப் பக்கவாட்டுல வச்சு வீடியோ எடுத்துப் பாருங்க. முதல் ரெப்பும் கடைசி ரெப்பும் ஏறக்குறைய ஒரே வேகம்னா மூணு, நாலு மிச்சம். கடைசி ரெப் கண்ணுக்குத் தெரிஞ்சு மெதுவானா ஒண்ணு ரெண்டு. நடுவுல நின்னு ஏறுச்சுன்னா ஒண்ணும் இல்ல.

முதல் எட்டு வாரம் எழுதி வச்ச எடை. அதுல கண்ணு பழகின பிறகு உங்க முறைக்குப் போகட்டும்.

மூணாம்செட்டு

எட்டு வாரம்னா ஒத்துக்கிறேன். எட்டு வருசம் சதவீதத்தையே கட்டிக்கிட்டு அழுறவங்களையும் பார்க்கத்தான் செய்யுது ஊரு.

செக்காலை_26

அண்ணே, 62.5, 67.5 எல்லாம் எப்படி? சின்ன பிளேட்டே 2.5-தான். ரெண்டு பக்கமும் போட்டா அஞ்சு கிலோ ஏறிடுது. அப்புறம் மூணு நிமிச ஓய்வுக்குப் பின்னாடி நிக்கிறவங்க ஒத்துக்கவே மாட்டாங்க.

லேத்துப்பட்டறை

முதல் கேள்வி நம்ம இலாகா. 1.25 கிலோ பிளேட் ஜோடி கடையில கிடைச்சா வாங்கிக்கங்க. இல்லைன்னா எந்த லேத்துலயும் வெட்டித் தருவாங்க. இரும்பு ஒரு கன சென்டிமீட்டர் 7.85 கிராம். 10 மில்லி தகட்டுல, பெரிய வாய் ராடுக்கு (பிளேட் மாட்டுற முனை தடிச்சிருக்கும்) 52 மில்லி ஓட்டை போட்டு, வெளி விட்டம் 152 மில்லி வச்சா 1.25 கிலோ கணக்கா வரும். 28 மில்லி ராடுன்னா ஓட்டை 30, வெளி விட்டம் 145. அரைக் கிலோ ஜோடியும் வேணும்னா 5 மில்லி தகடு, 52 ஓட்டை, 138 விட்டம். விளிம்பைக் கட்டாயம் மழுக்கச் சொல்லுங்க, இல்லைன்னா கையைக் கிழிக்கும். முடிஞ்சதும் தராசுல வச்சுப் பார்த்து, கூட இருந்தா ஒரு ஓட்டை போட்டுக் குறைக்கலாம்.

அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: உங்க ராடு 20 கிலோன்னு யார் சொன்னா? போட்டி ராடு 20 கிலோ, நீளம் ஏழடிக்குக் கொஞ்சம் கூட. ஆனா நம்ம பக்கத்து ஜிம்மில பாதி 28 மில்லி நேர் ராடு. அது மீட்டருக்கு 4.83 கிலோ. அஞ்சடி ராடு 7.4, ஆறடி 8.8, ஏழடி 10.3 கிலோதான் வரும். ஏழடி இருந்தா 20-னு கணக்குப் போட்டுக்கிறவங்க பாதிக்குப் பாதி ஏமாந்துபோறாங்க.

வார்ப்பு பிளேட்லயும் எழுதினது ஒண்ணு, இருக்கிறது ஒண்ணு. பழைய இரும்புக் கடைத் தராசுல ஒரு தடவை எல்லாத்தையும் வச்சு, உண்மை எடையைப் பெயின்ட்ல எழுதிடுங்க.

செக்காலை_26

பெரிய வாய் ராடுதான். இன்னைக்குத் தராசுல வச்சாச்சு. ராடு 17.8. 20-னு போட்ட பிளேட் ஒண்ணு 19.1, அதோட ஜோடி 20.6!

லேத்துப்பட்டறை

பாத்தீங்களா. ஒரு பக்கம் ஒன்றரைக் கிலோ கூட. இத்தனை நாள் வலது கை முந்துதுன்னு நினைச்சிருப்பீங்க. இருக்கிற 20-களை எல்லாம் எடை போட்டு, கிட்டத்தட்டச் சமமான ரெண்டை ஜோடி சேருங்க. 100, 200 கிராம் வித்தியாசத்துக்குக் கவலைப்பட வேணாம்.

ராடுல சொரசொரப்பு இருக்கிற இடத்துல துரு ஏறியிருந்தா பித்தளை பிரஷ்ல தேய்ங்க. எண்ணெய் போட்டா நல்லாத் துடைச்சு எடுத்துடணும், பிடியில எண்ணெய் நின்னா வினை. உலோக அரிப்பை ஆராயிற சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊருக்குள்ளதான் இத்தனை துருப்பிடிச்ச ராடும் கிடக்குது, என்னத்தச் சொல்ல.

கல்தூக்கி

எடை குறைஞ்சிடுச்சேன்னு மனசு உடைய வேணாம் தம்பி. அதே ராடு, அதே பிளேட்டை வாராவாரம் போட்டா சதவீதம் மாறாது. 80-னு பேர் வச்சது நிசத்துல 78-ஆ இருந்தா என்ன. ஜோடியை மாத்தினா மட்டும் ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

1.25 வர்ற வரைக்கும் ரெப்பை ஏத்துங்க: 60 × 4 × 5, அடுத்த வாரம் 60 × 5 × 5, அதுக்கடுத்து 60 × 6 × 5, அப்புறம் 65 × 4 × 5. அறுபதுல இருந்து அறுபத்தஞ்சுங்கிறது எட்டு சதவீதத்துக்கு மேல தாவல். ஒரே வாரத்துல தாவுனாத்தான் வழுக்கும்.

ஓய்வு விஷயம். அஞ்சு ரெப் செட்டுக்கு 20 விநாடிதான் ஆகுது. தசைக்குள்ள இருக்கிற கிரியேட்டின் பாஸ்பேட் (சட்டுன்னு பலம் குடுக்கிற எரிபொருள்) பெரும்பகுதி திரும்ப நிறைய மூணு நிமிசம் பக்கம் ஆகும். ஒரு நிமிசத்துல படுத்தா மூச்சு தெளிஞ்ச மாதிரி இருக்கும், தசை தெளிஞ்சிருக்காது. ஆள் காத்துக்கிட்டு நிக்கிறது தொந்தரவு இல்ல, வசதி. கிட்டத்தட்ட உங்க எடையே போடுற ரெண்டு பேரைச் சேர்த்துக்கங்க. செட்டு, பிளேட் மாத்துறது எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒண்ணேகால் நிமிசம். உங்க முறை திரும்ப வர்றப்ப ரெண்டரை நிமிசம் தானா ஓடியிருக்கும், இன்னொரு அரை நிமிசம் பொறுத்தா மூணு. 100 போடுறவரும் 40 போடுறவரும் ஒரே பெஞ்ச்ல சேர்ந்தாத்தான் பிளேட் கழட்டியே பொழுது போகும். 70-க்கு மேல போடுற வாரங்கள்ல நாலஞ்சு நிமிசம் எடுங்க. பின்னாடி நிக்கிறவங்க முனகுனா முனகட்டும்.

பள்ளத்தூர்_பஸ்கி

25 ரெப், 20 ரெப்னு எப்படி முடிவு பண்றீங்க? கையில வந்த எண்ணா?

தேவகோட்டை_வாத்தியார்

இல்லை. சோவியத் பளுதூக்கும் பயிற்சியாளர் பிரிலெபின் பேர்ல ஒரு அட்டவணை இருக்கு. 70 முதல் 80 சதவீதத்துல செட்டுக்கு 3–6 ரெப், ஒரு நாள் மொத்தம் 12–24. 80 முதல் 90-ல செட்டுக்கு 2–4, மொத்தம் 10–20. 90-க்கு மேல ஒண்ணு ரெண்டா, மொத்தம் 4–10. அது ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க் தூக்குறவங்களுக்காக எழுதினது. பெஞ்ச் முழு உடம்பையும் அவ்வளவு வாட்டாது, அதனால மேல் எல்லையை ஒட்டியோ ஒண்ணு ரெண்டு தாண்டியோ போகலாம். கல்தூக்கி குடுத்த முதல் வாரம் 75 சதவீதத்துல 25, ஏழாம் வாரம் 90-ஐ ஒட்டி 8. பொருந்துது.

செக்காலை_26

நெஞ்சுல இருந்து ஒரு சாண் ஏறின இடத்துல சிக்குது. அதுக்குத் தனியா ஏதாவது?

மூணாம்செட்டு

முதல்ல ராடு எந்த வழியா போகுதுன்னு பாருங்க. நேரா மேல தள்ளுறதுதான் பெரும்பாலானவங்க தப்பு. மார்பெலும்போட கீழ்ப்பாதியில தொட்டு, மேல ஏறும்போது தோள் பக்கமா, அதாவது முகத்தை நோக்கிச் சாஞ்சு போகணும். முடியிற இடம் தோள்மூட்டுக்கு நேர் மேல. நேராத் தள்ளினா நடுவழியில ராடு தோளை விட்டு விலகியே நிக்கும், அங்கதான் சிக்கும்.

கீழே இறங்கின நிலையில முன்னங்கை நட்டுக்குத்தா நிக்குற மாதிரி பிடி அகலம். ராடு விரல் பக்கம் போகாம, உள்ளங்கையோட அடியில, மணிக்கட்டு எலும்புக்கு மேல உட்காரணும். மணிக்கட்டு பின்னாடி மடங்கினா தள்ளுற பலத்துல ஒரு பங்கு அங்கேயே ஒழுகிடும். கட்டைவிரல் சுத்திப் பிடிக்கணும், சுத்தாமப் பிடிக்கிறது உயிரோட விளையாட்டு. முழங்கை உடம்போட 90 பாகை விரியாம 50, 60-க்குள்ள. தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னாடி சேர்த்து, கீழ இழுத்து, செட் முடியிற வரை பெஞ்ச்ல அழுத்தி வைக்கணும். கொக்கி ரொம்ப உயரத்துல இருந்தா ராடை எடுக்கும்போதே தோள் அவிழ்ந்துடும். முழங்கை நீட்டி நாலஞ்சு சென்டிமீட்டர் தூக்கினா ராடு வெளிய வர்ற உயரம் சரி.

பாதை சரியா இருந்தும் நெஞ்சுல இருந்தே எழும்பலைன்னா வியாழக்கிழமை நிறுத்துற பெஞ்ச்தான் மருந்து. நெஞ்சுல குதிக்க விட்டு எடுக்குறவங்களுக்கு அந்த இடத்துல பலமே வளராது. கடைசிக் கை நீட்டல்ல சிக்கினா டிரைசெப்ஸ்: தோள் அகலத்துக்குப் பிடிச்சு 50 × 8 × 3, சனிக்கிழமை. அதைவிடக் குறுக்கிப் பிடிச்சா மணிக்கட்டுதான் வலிக்கும்.

வெள்ளைவிளக்கு

"பின்னாடி நிக்கிறவர் புண்ணியம்"னு எழுதியிருந்தீங்களே, அதைப் பத்தி. ராடு நகர்ந்துக்கிட்டே இருக்கிற வரை அவர் விரல் படக் கூடாது. நின்னுபோனாலோ கீழ திரும்பினாலோ மட்டும் பிடிக்கணும், பிடிச்சா முழுசா வாங்கிக் கொக்கியில வைக்கணும். "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு ரெண்டு விரல்ல தூக்கி விடுற ரெப்பை நோட்டுல எழுதவே எழுதாதீங்க. அது அவரோட டெட்லிஃப்ட் (நின்னபடி ராடைத் தரையில இருந்து தூக்குறது), உங்க பெஞ்ச் இல்ல.

தனியா போடுறப்ப ரெண்டு பக்கமும் குறுக்குக் கம்பி இருக்கிற ராக்குக்குள்ள (இரும்புச் சட்டம்) பெஞ்சைப் போடுங்க. நெஞ்சை நிமித்திப் படுத்தா ராடு நெஞ்சைத் தொடணும், நெஞ்சைத் தளர்த்தினா கம்பி தாங்கணும், அந்த உயரம். கம்பி இல்லாத பெஞ்ச்ல ஆள் இல்லாம கன செட் போடாதீங்க. போட்டே ஆகணும்னா காலர் (பிளேட் நழுவாம இருக்க மாட்டுற பூட்டு) மாட்டாதீங்க, சிக்கினா ஒரு பக்கமாச் சாய்ச்சு பிளேட்டைக் கொட்டலாம். ஒரு பக்கம் கொட்டின உடனே அடுத்த பக்கம் வேகமா அடிக்கும், பக்கத்துல ஆள் நிக்கக் கூடாது. இது ஆபத்துக்கான வழி, தினசரி வழி இல்லை.

போட்டிக்குப் போற எண்ணம் இருந்தா இப்பவே ரெண்டு பழக்கம். நெஞ்சுல ராடு அசைவில்லாம நின்ன பிறகுதான் நடுவர் "பிரஸ்" சொல்லுவார்; பிட்டமும் தலையும் பெஞ்சை விட்டு எழும்பினா சிவப்பு விளக்கு. சர்வதேச விதியில ஆட்காட்டி விரல்களுக்கு நடுவுல 81 சென்டிமீட்டருக்கு மேல பிடிக்கக் கூடாது, ராடுல இருக்கிற வளையக் கோடு அதுக்குத்தான். 2023-ல இருந்து முழங்கையோட அடிப்பக்கம் தோள்மூட்டோட மேல்மட்டத்துக்குச் சமமாவோ கீழயோ இறங்கணும்னு சேர்த்திருக்காங்க. முதுகை வில்லா வளைச்சு நாலு விரக்கடை மட்டும் நகர்த்துன காலம் முடிஞ்சுது. பெஞ்ச் உயரம் 42–45 சென்டிமீட்டர். உங்க ஜிம் பெஞ்ச் அதுக்கு மேல இருந்து பாதம் முழுசா படியலைன்னா காலுக்கு அடியில பலகை போடுங்க.

எட்டாம் வாரம் உச்சம் பார்க்குறப்பவும் போட்டி மாதிரி மூணே முயற்சி: 75, 80, 85. நடுவுல அஞ்சு நிமிசம். 80 இழுபறியா ஏறினா மூணாவது 82.5.

புதுவயல்_மூட்டை

அரிசி மில்லுல மூட்டை ஏத்துற வேலை. காலையில 7 மணிக்கு ஆரம்பிச்சா மத்தியானம் 3 மணி. இந்த அட்டவணையை அப்படியே பின்பத்தலாமா?

கல்தூக்கி

அப்படியே வேணாம்ப்பா. தோளும் முதுகும் காலையிலயே ஒரு பயிற்சி முடிச்சிடுது. எடையைக் குறைக்காதீங்க, செட்டைக் குறைங்க: அஞ்சு இருக்கிற இடத்துல மூணு, நாலு இருக்கிற இடத்துல ரெண்டு. ரோ தனியா வேணாம், வேணும்ங்கிற அளவுக்கு மில்லுல இழுத்தாச்சு. கன நாளை விடுமுறைக்கு மறுநாளா வைங்க. வேலை விட்டு வந்த உடனே படுக்காம, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு. லாரி கூட வர்ற வாரம் எதுவோ அதுதான் உங்களுக்கு இறக்க வாரம், அட்டவணையில என்ன எழுதியிருந்தாலும்.

அதே யோசனை மத்தவங்களுக்கும். தை மாசம் குன்றக்குடி வழியா பழனிக்குப் பாதயாத்திரை போறவங்க அந்த வாரத்தை 4-ம் வாரமா வர்ற மாதிரி பின்னோக்கி எண்ணி ஆரம்பிங்க. நடந்துட்டு வந்து மறுநாளே 67.5-ல படுக்காதீங்க.

பள்ளத்தூர்_பஸ்கி

சாப்பாடு? நாட்டுக்கோழி தினமும் கட்டுப்படியாகாது.

தேவகோட்டை_வாத்தியார்

உடம்பு எடை ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் போதும். 74 கிலோவுக்கு 118 கிராம். முட்டை ஒண்ணு 6 கிராம். நாட்டுக்கோழிக் குழம்புல பாதி எலும்பு, தட்டுல இருக்கிற துண்டை எண்ணி ஏமாறாதீங்க. பாசிப்பயறு வேகவைக்காத 100 கிராமுக்கு 24 கிராம் புரதம், விலைக்கு அதை அடிச்சுக்க ஆள் இல்லை. பெஞ்சுக்கு முன்னாடி எண்ணெய்ப் பலகாரம் மட்டும் வேணாம், மல்லாந்து படுக்கிறப்ப நெஞ்சுல கரிக்கும்.

வேர்வை விஷயமும் சேர்த்துச் சொல்லிடறேன். ரெக்சின் பெஞ்ச்ல வழவழப்பான ஜெர்சி போட்டுப் படுத்தா முதுகு வழுக்கி, சேர்த்து வச்ச தோள்பட்டை அவிழ்ந்துடும். பருத்திச் சட்டை போடுங்க. கைக்கு மக்னீசியம் கார்பனேட். முகப் பவுடர் போடுறவங்களைப் பார்க்குறோம். அது வழுக்கும், பிடிக்காது.

செக்காலை_26

முதல் வாரம் முடிஞ்சது. திங்கள் 60 × 5 × 5, மூணு பேரு மாறி மாறி. வீடியோவுல நாலு செட் ஒரே வேகம். அஞ்சாவது செட் கடைசி ரெப் கொஞ்சம் மெதுவாச்சு, நிக்கல. வியாழன் நிறுத்துற பெஞ்ச் 52.5-க்குப் பதிலா 50 போட்டேன், லேத்துப் பிளேட் இன்னும் வரல. இடது தோள் முன்பக்கம் லேசா உறுத்துது. 62.5 போகலாமா?

கல்தூக்கி

செட் கணக்குப்படி போகலாம். பிளேட் வரலைன்னா 60 × 6 × 5. தோள் உறுத்தல் எப்ப வருது, இறக்கும்போதா, தள்ளும்போதா, ராத்திரியிலயா?

செக்காலை_26

இறக்கும்போது, கடைசி ரெண்டு விரக்கடை. ராத்திரி ஒண்ணும் இல்ல.

மூணாம்செட்டு

பிடியை ரெண்டு பக்கமும் ஒரு விரல் உள்ள கொண்டுவாங்க, தொடுற இடத்தை ஒரு அங்குலம் வயித்துப் பக்கம் இறக்குங்க. நிறுத்துற பெஞ்ச்ல ரெண்டு விநாடி நிக்கிறப்ப தோள்பட்டை அவிழ்ந்து முன்னாடி உருளுதான்னு வீடியோவுல பாருங்க, பெரும்பாலும் அதுதான். இன்க்ளைனை ரெண்டு வாரம் விடுங்க. ரோ நாலு செட்டை அஞ்சாக்குங்க. இதுக்கும் மேல வலி கூர்மையாச்சுன்னாலோ, கை மரத்துப்போச்சுன்னாலோ, ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியலைன்னாலோ எலும்பு மருத்துவர்கிட்ட போயிடுங்க. எங்ககிட்ட கேட்டுக்கிட்டு நிக்காதீங்க.

லேத்துப்பட்டறை

பிளேட் விட்டம் 152-தான், ஆனா 12 மில்லி தகட்டுல வெட்டிடாம பார்த்துக்கங்க. 12-ல வெட்டினா ஒண்ணரைக் கிலோவாகிடும். பட்டறையில கையில இருக்கிற தகட்டைத்தான் முதல்ல எடுப்பாங்க.